குருசடி ஏற்றம்

கம்பின் தலையில் எண்கள் இருந்த இடம்
வழுக்கையாகிக் கிடக்கிறது.
எனக்கு முன்னால் யார்யாரோ தேய்த்தது.
எங்கே ஒன்று, எங்கே மூன்று
என்று வண்டி சொல்லாது. பல்லைக் கடிக்கும்.

நாலாம் கியர் நிற்காது, தானே சாடி வெளியே வரும்.
அதற்கொரு சைக்கிள் டியூப் துண்டு.
நாலில் போட்டதும் கம்பில் மாட்டி
சீட்டுக்கடியில் உள்ள கொக்கியில் இழுத்துக் கட்டவேண்டும்.
மூன்றுக்கு இறங்க முதலில் அதை அவிழ்க்கவேண்டும்.
சாவியைத் தந்தபோது மொதலாளி ரசலையன்
இதையெல்லாம் சொல்லவில்லை.
"வண்டி கொள்ளாம்" என்றார்.
"கொஞ்சம் பிடிவாதம், அவ்வளவுதான்."

பதினொரு வருசம் டெம்போ ஓட்டியவன் நான்.
மார்த்தாண்டம் சந்தையில் வாழைக்குலை இறக்கும் நெரிசலில்
கொட்டாவி விட்டுக்கொண்டே ரிவர்ஸ் எடுப்பேன்.
அந்தக் கர்வம்
முதல் நாளே, களியல் தாண்டுவதற்குள்
இரும்புத்தூளாய் உதிர்ந்துவிட்டது.

ரெண்டு சவுட்டு என்றார்கள்.
கிளட்சைச் சவுட்டு, கம்பை நடுவுக்குக் கொண்டுவா,
காலை எடு,
ஆக்சிலேட்டரில் ஒரு குத்து,
மறுபடி சவுட்டு, தள்ளு.
"எஞ்சின் சத்தம் ஏறி வரும், அங்க தள்ளு. செவி போதும்."
ஒர்க்‌ஷாப் டென்சிங் சொன்னான், டயர்க்கடைக்காரன் சொன்னான்,
எடைமேடையில் ரசீது எழுதும் ஷைனிகூடச் சொன்னாள்.
செவி போதுமாம்.
என் இடது செவி
சித்திரங்கோட்டுப் பாறைமடையில்
வெடி முந்திக்கொண்ட ஒரு மத்தியானம்,
இருபது வயசிலேயே போய்விட்டது.
கியர்ப்பெட்டி இருப்பது இடப்பக்கம்.

செவ்வாய்க்கிழமை ஆறுகாணியிலிருந்து ரப்பர்த்தடி லோடு.
பால் காயாத தடி, கேபினெல்லாம் புளிச்ச வாடை.
மழை தூறி விட்டிருந்தது.
குருசடி ஏற்றத்தில் பாதிவழியில் மூச்சு முட்டியது.
டியூப்பை அவிழ்த்தேன். சவுட்டினேன். நடுவுக்கு வந்தது.
மூன்றுக்குத் தள்ளினேன்.
கர்ர்ர்.
இன்னொரு தடவை. கர்ர்ர்.
அதற்குள் வேகம் செத்து
வண்டி ஒரு கணம் யோசித்து
பின்னால் இறங்க ஆரம்பித்தது,
பன்னிரண்டு டன் தடியும் நானும்
எதிலும் கோர்க்கப்படாமல்.
பின்னால் ஓயாமல் ஹாரன் அடித்த ஸ்கூட்டர்
சட்டென்று நிறுத்தியபோதுதான் பயம் வந்தது.

அஜின் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தான்.
"வெப்ராளப்படாதீங்க அண்ணே" என்றான்.
நடுங்கியது அவன் குரல்தான்.
ரப்பர் ஷீட் கட்டோடு ஸ்கூட்டர்க்காரி
எங்களைச் சுற்றிக்கொண்டு போனாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.
அதற்கு நன்றி.

அன்று ராத்திரி எடைமேடை மைதானத்தில்
காலி வண்டியை வட்டம் வட்டமாகச் சுற்றினேன்.
கம்பைப் பிடிக்கவில்லை,
உள்ளங்கையை மேலே வைத்தேன், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.
முதலில் எல்லாம் ஒரே நடுக்கம்.
எத்தனையாவது சுற்றிலோ அது இரண்டானது.
எஞ்சினுடையது ஒன்று, சக்கரத்துடையது ஒன்று.
குத்துக் கொடுத்ததும் ஒன்று மற்றதை எட்டிப்பிடிக்க
கண்ணிமைக்கிற நேரம்
கைக்குக் கீழே ஒன்றுமே இல்லை.
அங்கே தள்ளினேன். கம்பு தானே போய் விழுந்தது.
பிறகு நாற்பது தடவை விழவில்லை.

வெள்ளிக்கிழமை அதே தடி, அதே ஏற்றம்.
கட்டையை மடியில் வைத்தபடி அஜின் உறங்கிப்போயிருந்தான்.
கர்ரென்றால் விழிப்பான், உடம்புக்குப் பழகிவிட்டது.
டியூப்பை அவிழ்த்தேன்.
சவுட்டு. நடு.
அந்த நடுவில் வண்டி யாருக்கும் சொந்தமில்லை.
குத்து. உள்ளங்கையில் அந்த ஒன்றுமில்லாமை.
மூன்று விழுந்தது.
அவன் விழிக்கவில்லை.

குருசடியில் யாரோ ஏற்றிய மெழுகுதிரி
கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே போனது.
எழுப்பிச் சொல்ல வாய் வந்தது.
எழுப்பினால் பிறகு என்ன இருக்கிறது சொல்ல.

மேலே ஏறி முடித்து, நாலுக்குப் போட்டேன்.
கர்ர்ர்.
கட்டையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டான்.
"ஒண்ணுமில்ல" என்றேன்,
டியூப்பைக் கொக்கியில் மாட்டிக்கொண்டே. "உறங்குலே."