நாலடிக் கணக்கு

மழைக்கு முந்தி, ஆவணிக் கடைசியில்,
கம்பிக்கு நாலடிக்குள் வருகிற கொப்பெல்லாம் வெட்டவேண்டும்.
மின்சார சபையின் சட்டம்.
பதினாறு வருசமாய் அந்த இலுப்பைக்கும் எனக்கும்
இதில்தான் சண்டை.

அராலி வடக்கு, ஒழுங்கை முடக்கு.
வேர் பாதி ரோட்டில், பாதி தங்கேசக்காவின் வேலிக்குள்.
வெட்டப் போனால் மரம் அவவுடையது.
சருகு கூட்டச் சொன்னால் ரோட்டுடையது.
ஏணி சாத்த முந்தியே படலை திறக்கும்.
கையில் அகப்பை இருக்கும், இல்லாவிட்டால்
பிரதேச சபைக்கு எழுதின முறைப்பாட்டின்
போட்டோக் கொப்பி.

பங்குனியில் வேறு தொல்லை.
பூத் தின்ன வௌவால் வரும்.
இரண்டு கம்பியில் சிறகு முட்டினால்
முழு அராலியும் இருட்டு.
இரவு ஒரு மணிக்கு, ரோச் வெளிச்சத்தில்,
கறுத்துச் சுருண்ட உடம்பைத்
தடியால் தட்டி விழுத்தியிருக்கிறேன்.
வாயில் மிச்சப் பூ இருக்கும்.
நான் மரத்தைத்தான் ஏசுவேன்.

இந்த வருசம் ஏணி சாத்தினேன்.
படலை திறக்கவில்லை.
அமலதாஸ் அளவுத்தடியை நீட்டிப் பார்த்தான்.
ஏழடி.
"அண்ணை, வெட்ட ஒண்டுமில்லை."

வானுக்குள் கிடந்த பழைய கொப்பிகளை எடுத்தேன்,
படிவம் நிரப்புவதற்காகக் கிறுக்கி வைத்தவை.
ஓரடி.
ஓரடி.
முட்டுது, அவசரம்.
ஒன்றரை, ஐப்பசி மழை
கார்த்திகை முடியத்தான் வந்த வருசம்.
மூன்று, முழு மாரியும் ஒரே இரவில் கொட்டி
வேரடியில் பத்து நாள் வெள்ளம் நின்ற வருசம்.
மூன்றேமுக்கால்.
பிறகு ஏழு.
ஆசுப்பத்திரிக் கட்டில் காலடியில்
காய்ச்சல் எழுதித் தொங்கவிடும் தாள் மாதிரி
இருந்தது எனக்கு.

நுனி பட்டு வெளிறி நின்றது.
பட்டையைக் கத்தியால் கீறினேன்.
முந்தி கத்தியில் ஒட்டும் பால்,
துடைத்தாலும் போகாது.
இப்போது கத்தி சுத்தமாய் வந்தது.

தங்கேசக்கா வெறுங்கையோடு வந்தா.
"கிணறு சவராப் போச்சு தம்பி.
சவுக்காரம் நுரைக்குதில்லை.
பால்தேத்தண்ணி திரையுது.
போன மாசம் தண்ணி அளக்க வந்த பிள்ளையள்
கீழால கடல் ஏறுதெண்டு சொன்னவை.
அது குடிக்கிற தண்ணியைத்தானே
இதுவும் குடிக்குது."
நிமிர்ந்து பார்த்தா.
"பட்ட கொப்பு மாட்டுக் கொட்டிலுக்கு மேல நிக்குது.
அதையாவது வெட்டித் தாருங்கோ."

கம்பியில் முட்டாததை வெட்ட
எங்களுக்கு அதிகாரமில்லை, என்றேன்.
சொன்னபிறகு எனக்கே வெட்கமாயிருந்தது.
ஏறி வெட்டினேன்.
வாள் வைக்கமுன்னமே முறிகிற கொப்பு.
விழுந்த சத்தமும்
விறகு விழுந்த சத்தம்தான்.

மேலிருந்துதான் கண்டது:
குசினிப் பக்கம், மறைவில், ஒரு கொப்பு.
பவுசரில் வருகிற தண்ணியில்
அரிசி கழுவி அவ ஊற்றுகிற இடத்துக்கு நேரே.
செம்புச் சிவப்பில் தளிர்,
கைப்பிள்ளையின் உள்ளங்கை அளவு.
மற்றப் பக்கமெல்லாம் வெளி கிடக்க
அது நேரே கம்பியைப் பார்த்து வளர்ந்திருந்தது,
பழைய குணம்.

மூன்றரை இருக்கும்.
கூடினால் மூன்றேமுக்கால்.

"அமலதாஸ், அளவு சொல்லு."
தடி வேலியில் சாத்தியபடியே கிடந்தது.
அவன் அதைத் தொடவில்லை.
"நாலு, அண்ணை."

நாலு என்று எழுதினேன், மை அழுத்தி,
மேலதிகாரி கண்ணாடி இல்லாமலே வாசிக்கும்படி.
வாளைத் துடைத்து உறையில் போட்டேன்.
வான் ஸ்டார்ட் எடுக்க மூன்று தரம் இருமியது.

கண்ணாடியை இறக்கி,
கொப்பி ஒற்றையில் என் நம்பரைக் கிழித்துக் கொடுத்தேன்.
பங்குனியில் கரண்ட் போனால்
கந்தோருக்கு அடிக்க வேண்டாம் அக்கா,
எனக்கு அடியுங்கோ.
ஒரு மணியெண்டாலும்
வருவன்.