ஒரே நீலம்

டெல்வின் நகரத்து மெயின் தெருவில்
நாற்பத்திரண்டு விளக்குக் கம்பங்கள்.
எனக்கு அவற்றை உச்சந்தலையிலிருந்துதான் பழக்கம்,
தூக்கி வண்டியின் தொட்டியில் நின்றபடி.
கம்பத்துக்கு இரண்டு கை,
கைக்கு இரண்டு திருகு.

முன்பெல்லாம் கடைக்கொரு பேனர்.
வங்கிக்குப் பச்சை.
டயர் கடைக்கு நெருப்பு கக்கும் சக்கரம்.
லூத்தரன் தேவாலயத்துப் புறா
பக்கத்துக் கம்பத்து பீர் கோப்பையை
ஆறு கோடை முறைத்துக்கொண்டே இருந்தது.
பல் மருத்துவர் ஒரு பல்லையே தொங்கவிட்டிருந்தார்,
வேரோடு.
காற்றடித்தால் தெரு
சந்தைக்கடையாய் இரையும்.

அப்புறம் குழு கூடியது.
தலைமை டாக்னி ட்வைட்,
நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள்.
காதில் பென்சில் இல்லாமல்
அவளைக் கண்டவர் இல்லை.
பதினொரு வாரம் நீலத்தைப் பற்றியே பேசினார்கள்.
ஏரி நீலமா, தபால் பெட்டி நீலமா,
பழைய பள்ளிச் சீருடையின் நீலமா.
கதவைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன்.
ஏணி தேவைப்பட்டால் கூப்பிடுவார்கள் என்று.

தையல்கடை பா நியா ஷியோங்
கைப்பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்து
மேசையில் உருட்டிவிட்டாள்.
"சில நீலம் வெளுத்தால் ஊதாவாகும்.
சிலது சாம்பலாகும்.
இது
நீலமாகவே வெளுக்கும்."
உருண்டு போய் அது
டாக்னியின் காப்பிக் கோப்பையில் முட்டி நின்றது.
அவ்வளவுதான் முடிவு.

ஒரே நீலம். ஒரே எழுத்து.
இடது கீழ்மூலையில் ஒரு நாரை,
ஒற்றைக்காலில்.
கடைப் பெயர் கிடையாது.
"காசு என் காசு, பேர் மட்டும் இல்லையா?"
எழுந்தே விட்டார் டயர் கடை ரஸ் கோவாக்.
வங்கிக்கும் அடகுக்கடைக்கும்
பந்தியில் ஒரே இலை என்றால்
கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும்.

பதினேழாம் கம்பத்தில் வந்து சிக்கியது.
அதன் எதிரே செருப்புக் கடை,
மூடி நாலு வருஷம்.
கண்ணாடியில் ஒட்டிய செய்தித்தாளே மஞ்சளாகிவிட்டது.
"அங்கே எவர் பார்க்க?
நாற்பத்தொன்று போதும், செலவு மிச்சம்."
டாக்னி பல் மருத்துவரைப் பார்த்தாள்.
"ஒரு பல் விழுந்தால்
நாக்கு எங்கே போகும், டாக்டர்?"
அவர் பதில் சொல்லவில்லை.
நாற்பத்திரண்டுக்கே ஆர்டர் போனது.

ஏப்ரலில் மாட்டினேன்.
பாலத்திலிருந்து ரயில் நிலையம் வரை
ஒரே மூச்சில் வாசித்துவிடலாம் போல் இருந்தது தெரு.

வெயிலுக்குக் குழுவின் தீர்மானம் தெரியாது.
வங்கிச் சுவரின் நிழலில் இருந்தது அப்படியே இருந்தது.
தெற்கு பார்த்தவை ஆகஸ்டிலேயே களைத்துவிட்டன.
அக்டோபரில் கழற்றும்போது
எதற்கும் எண் எழுதி வைக்கவில்லை.
சோம்பல்தான்,
வேறு காரணம் சொல்ல மாட்டேன்.

பனி முழங்கால் உயரம் கிடந்த ஜனவரியில்
கிடங்குத் தரையில் எல்லாவற்றையும் விரித்துப் போட்டேன்.
நாற்பத்திரண்டு நாரைகள்,
நாற்பத்திரண்டு நீலங்கள்.
ஷியோங் சொன்னது சரி,
ஒன்றுகூட ஊதா இல்லை.
முழங்காலிட்டு, இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்து,
இதைவிட அது ஒரு மயிரிழை வெளுப்பு,
அதைவிட இது,
என்று வரிசை கட்ட
மூன்று இரவும் ஒரு கெட்டில் தேநீரும் ஆனது.

வசந்தத்தில் அந்த வரிசைப்படியே மாட்டினேன்.
பாலத்தருகே அடர்த்தி.
ரயில் நிலையத்தருகே
தண்ணீர் கலந்த நீலம்.
நடுவில் எந்தக் கம்பத்திலும் கண் தடுக்கவில்லை.
ஆக வெளுத்தது ரஸ்ஸின் வாசலுக்கு வந்தது.
"என்னுடையதுதான் பளிச்" என்று
வருவோரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

டாக்னி மட்டும்
அடியெண்ணி நடப்பவள்போல் நடந்து வந்து
என் வண்டிக்குக் கீழே நின்றாள்.
வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.
காதிலிருந்த பென்சிலை எடுத்தாள்.
ஒன்றும் எழுதாமல்
திரும்பச் செருகிக்கொண்டாள்.

பதினேழில் ஒரு திருகு குறைகிறது.
கம்பி முறுக்கிக் கட்டியிருக்கிறேன்.
மேலே வந்தால்தான் தெரியும்.