கடைசி டிராமுக்குப் பிறகு

பதினொன்றாம் எண் டிராம் குன்றிறங்கும்போதெல்லாம்
என் திரையில் ஒரு மலைத்தொடர் எழும்.
அது மூளை இல்லை.
கம்பி, சக்கரம், சால்ட்ஹோல்மன் போகிறவர்கள்.
ஆகவே கோதன்பர்க் உறங்கும்வரை காத்திருக்கிறோம்
டோர்க்னியும் நானும்,
செம்புவலைக் கூண்டுக்கு வெளியே, ஆறிய காபியோடு.

கண்ணாடிக் குழலைச் சூட்டில் இழுத்து
உள்ளே கரியிழை பொதிந்தவன் அவன்.
முடியின் தடிமனைப் பத்தாக வகுத்தால் ஒரு பங்கு.
இன்றைக்கு ஐந்து முனைகள்.
மூன்றை அவன் ஒடித்தான்.
ஒன்று என் தும்மலில் போயிற்று.

ஐந்தாவது இறங்குகிறது.
தட்டின் அடியில் எலிக்கருவின் நடுமூளையிலிருந்து
ஒரேயொரு நரம்பணு, வால் முளைத்த மழைத்துளி.
அழுத்தினால் செத்துவிடும்.
விலகினால் கேட்காது.
நடுவில் நிறுத்த,
மூச்சை எங்கே வைப்பதென்று தெரிந்திருக்க வேண்டும்.

பொட்டாசியம், ஒரு சொட்டு.
கோடு கிடக்கிறது.
கிடக்கிறது.
பிறகு ஊசிபோல் ஒரு சிகரம்,
மூன்று மில்லிநொடி.
சிமிழொன்று வாய் திறந்து டோபமைனைக் கொட்டியிருக்கிறது.
கணக்குப் போட்டேன்:
ஒன்பதாயிரத்துச் சொச்சம் மூலக்கூறுகள்.
சிகரத்துக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன மேடு;
எங்கள் துறையில் அதற்குப் பாதம் என்று பெயர்.
இறங்கலாமா என்று
படியில் வைத்துப் பார்க்கிற பாதம்.

போன மாதம் இன்னும் கூரான முனையை
செல்லுக்குள்ளேயே செருகி எண்ணினோம்.
சிமிழில் இருப்பு பதினைந்தாயிரம்.
ஆக, பாதிக்குக் கொஞ்சம் மேலே கொடுத்துவிட்டு
வாயை மூடிக்கொள்கிறது.
ஏனென்று கட்டுரையில் எழுத வேண்டும்.
எனக்குத் தெரியவில்லை.

டோர்க்னி லிக்செலேக்காரன், வடக்கு.
அங்கே ஆமாம் என்பது ஒரு சொல்கூட இல்லை;
உதட்டைக் குவித்துச் சட்டென்று உள்ளிழுக்கும் காற்று.
கதவிடுக்கில் குளிர் நுழைகிற சத்தம்.
பதினோரு வருஷப் பழக்கத்துக்குப் பிறகும்
சில நாள் தவறவிட்டுவிட்டு
இரண்டாம் முறை கேட்பேன்.

“மார்ச்சோடு ஊருக்கே போய்விடுகிறாயாமே?”
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டேன்.
உறைபெட்டி உறுமிக்கொண்டிருந்தது.
டிராம் இல்லை.
அதனால் கேட்டது,
அந்த உள்மூச்சு.

அடுத்த செல்லுக்கு நகர்ந்தேன்.
எனக்குப் பின்னால் அவன் எழுந்துபோய்
இழுவைக் கருவியின் சுருளைச் சிவக்கவைத்து
நாளைக்கான குழல்களை இழுக்கத் தொடங்கினான்.
ஐந்து போதும்.
விடிவதற்குள்
நாற்பத்திரண்டு இழுத்திருந்தான்.