குடும்பஸ்தர்களுக்கு மட்டும்

பழைய சபா நாடகம்தான்.
குடும்பஸ்தர்களுக்கு மட்டுமே வீடு என்பார் ஓனர்.
சாரங்கன் புடவை கட்டிச் சாரதாவாவான்,
வைத்தி அவள் புருஷன்.
மூன்று அங்கம், முப்பது பொய்.
கடைசியில் விக் கழன்று விழும்,
சபை விழுந்து விழுந்து சிரிக்கும்,
ஆளுக்கொரு பெண்ணைக் கட்டிவைத்துத்
திரை போட்டுவிடுவார்கள்.

அதையே புதுசாக எடுத்திருக்கிறார்கள் என்று
ஷார்ஜாவில் இரண்டாம் ஆட்டம் போனேன்.
நாற்பது திர்ஹம், பாப்கார்ன் இல்லாமல்.
விக் கழன்றது.
தரையில் கிடந்தது, நனைந்த பூனை மாதிரி.
வைத்தி குனிந்தான்

ஒரு ஜன்னல். ஒரு காக்கா.
பெயர்கள் ஓட ஆரம்பித்தன.
'அவ்வளவுதானா?' என்றார் பின்வரிசையில் ஒருத்தர்.
விளக்கைப் போட்டார்கள்.

ரோலாவில் எங்கள் கட்டட வாசலிலும்
அதே பலகை, மூன்று மொழியில்.
பேச்சிலருக்கு இடமில்லை.
ஊரில் மூன்று பிள்ளை பெற்ற பிச்சைக்கனியும்
இங்கே பேச்சிலர்தான்.
ஆறு பேர், மூன்று அடுக்குக் கட்டில்,
நாத்தூருக்கு மாசம் நூறு.
படியேறும்போது செருப்பு கையில்.
ஒரு சாரதா இல்லாததுதான் குறை.

கஸ்மீர் லீவில் போனபோது
தூத்துக்குடியில் முழுசாகப் பார்த்திருந்தான்.
'ஏழு நிமிசத்த முழுங்கிட்டானுவளே' என்றான்
கீழ்க் கட்டிலில் இருந்து.
மற்ற நாலு பேரும் நைட் ஷிப்ட்.
'சொல்லுல.'

எழுந்து நின்றான்.
கொடியில் காய்ந்த என் துண்டை எடுத்துத்
தலையில் போட்டுக்கொண்டான்.
ஏசி உறுமலைத் தாண்டாத குரலில்
இரண்டு பேராகவும் நடித்தான்.

'குனிஞ்சு எடுக்கான் வைத்தி.
தூசியத் தட்டுதான்.
ஓனரு, ஓனரு பொண்டாட்டி, எல்லாரும் பாத்துட்டே நிக்காவ.
திரும்ப மாட்டிவிடப் போறான்னு நெனைக்கோம்.
இல்ல. ஆணியில தொங்க விடுதான்.
சாரங்கா, சோறு ஆறுது, உக்காருங்கான்.'

'சாரதான்னு இல்லையா?'

'சாரங்கான்னுதான்.
முத தடவையா அந்த வீட்டுல அவன் பேரு.'

'பொறவு?'

'பொறவென்ன. ரெண்டு பேரும் ரசஞ்சோறு திங்காவ.
ஓனரு ஊறுகா கொண்டாராரு.'

'இதையா வெட்டுனான்?'

'இதத்தான்.'

கொஞ்ச நேரம் ஏசி மட்டும் பேசியது.
துண்டு அவன் தலையிலேயே இருந்தது,
எடுக்க மறந்திருக்கலாம்.
கம்பெனி பஸ் வர நாலு மணி நேரம் கிடந்தது.
மேல் கட்டிலில் இருந்து இறங்கிக்
குக்கரைத் திறந்து பார்த்தேன்.
காலையில் வைத்த சோறு.
ரெண்டு பேருக்குக் காணும்.