இடப்பக்கச் சரிவு

வண்டிக்கு முப்பத்தாறு வயது.
கொட்டகைத் தரையில் நிறுத்தி டேப் பிடித்தேன்.
பின்சக்கரத்துக்கு மேல் வலப்பக்கம் பத்தொன்பது அங்குலம்,
இடப்பக்கம் பதினேழரை.
அந்த ஒன்றரை அங்குலம் ரோலண்ட்.
பதினெட்டு வருடம் ஸ்டியரிங் பிடித்தவன்
இப்போது பில்லிங்ஸில்
புது வண்டி ஒன்றைச் சரித்துக்கொண்டிருக்கிறான்.

கடையில் ஆரின் பட்டியலைத் திறந்தான்.
வைக்கோல் ஏற்றுவியா?
ஏற்றுவேன்.
வருஷத்துக்கு எத்தனை நாள்?
இருபது.
மிச்ச நாள்?
நான், நாய், தபால்.

கனத்த பட்டை என்றால்
வெறும் வண்டி வெள்ளாடு போலத் துள்ளும்.
மெல்லிசு என்றால்
ஆகஸ்டில் பின்புறம் புழுதியில் உட்காரும்.
மெல்லிசோடு உதவிப்பட்டை ஒன்று உண்டு, என்றான்,
பாரம் வந்தால் மட்டும் தொடும்,
மற்ற நேரம் சும்மா இருக்கும்.
விலைகூடக் கேட்கவில்லை நான்.

புஷ் ரப்பரா, பாலியூரித்தேனா?
பாலி தேயாது, ஆனால்
மொன்டானா குளிரில் கிறீச்சிடும்.
தேயாமல் கத்துவதோடு
வாழ்ந்து பார்த்தாயிற்று. ரப்பர்.

இடது மட்டும் தருவாயா?
ஜோடியாகத்தான் மாற்றணும், மார்லிஸ்.
யு-போல்ட்டும் புதுசு.
ஒருமுறை இழுத்து முறுக்கியது
மறுமுறை பிடிக்காது.
அவன் வண்டியைத்தான் சொன்னான்,
முகத்தைப் பார்த்தேன்.

சனிக்கிழமை மாட்டி முடித்தேன்.
இரண்டு பக்கமும் இருபது அங்குலம்.
பின்புறம் நிமிர்ந்ததில்
கண்ணாடியில் சாலைக்குப் பதில் வானம்;
முன்விளக்கு குட்டையாகி
மான் கிட்டே வந்தபிறகுதான் தெரிகிறது.
விளக்கை ஏற்ற ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது.
அதைத் திருப்பும் நீள ஸ்க்ரூடிரைவர்
பில்லிங்ஸில்.