போதிய வெளிச்சம் இல்லை

கேட்டது நான்கு செல். நான்கும் வந்தன,
கப்பலேறி, கொச்சியில் இறங்கி,
வேலந்தாவளம் சாவடி வரைக்கும் நாற்பத்தொன்பது நாள்.
லோடு இறக்குகிற மயிலாத்தாள் மகன் தூக்கிப் பார்த்து
"என்னக்கா, செங்கல்லா வாங்குனீங்க?" என்றான்.
அப்போது சிரித்தேன்.

இருநூற்றெண்பது என்று முகத்திலேயே அச்சு.
ராத்திரி ஒன்பதுக்கு நான்கு குண்டு பல்பைப் போட்டுவிட்டு
ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.
கணக்குப்படி விடிய விடிய எரிய வேண்டும்.
மணிக்கொரு தரம் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதினேன்,
காய்ச்சல்காரப் பிள்ளைக்கு எழுதுவதுபோல.
ரெண்டேகாலுக்கு அணைந்தது.
நூற்றெண்பது. அதுவும் தாராளமாய்ச் சொன்னால்.

மூன்றாவது செல்லுக்கு வயிறு உப்பல்.
தரையில் படுக்கவைத்தால் ஆடுகிறது.
நகத்தால் சுரண்டினேன். புது க்யூஆர் கோடுக்கு அடியில்
பழைய க்யூஆர் கோடு.
எந்த ஊர் பஸ்ஸில், எத்தனை மேடு ஏறி
இளைத்து வந்ததோ.

லூசி எழுதினாள்: அன்பு நண்பரே , கவலை வேண்டாம்.
லூசி எழுதினாள்: ஐந்து டாலர் தருகிறோம், ஐந்து நட்சத்திரம் தாருங்கள்.
பிறகு கெவின் வந்தான். அதே அன்பு நண்பரே,
காற்புள்ளிக்கு முன்னால் அதே ஓட்டைப்பல் இடைவெளி.
திருப்பி அனுப்புங்கள் என்றான் கெவின்.
கொரியர்காரர் பெட்டியைத் தொடவேயில்லை:
"தீப்பிடிக்கிற சாமானுங்க. வர்றப்ப எப்படி வந்துச்சோ,
அது எனக்குத் தெரியாது."

படம் கேட்டார்கள்.
நான்கு செல்லும் மீட்டரும் தேதி எழுதிய தாளும்
ஒரே படத்தில்.
அன்றைக்குப் பொழுதன்னைக்கும் கரண்ட் இல்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எடுத்தேன்.
மூன்றாம் நாள் பதில்:
போதிய வெளிச்சம் இல்லை.

பேட்டரி வாங்குனதே அதுக்குத்தாண்டா
என்று அடித்தேன். அழித்தேன்.
மெஷின் மொழிபெயர்ப்பில் அந்த 'டா' எங்கே போய் விழுமோ.

சாவடிக்கு அந்தப்பக்கம் கேரளா கரண்ட்.
நாங்கள் இருட்டில் கிடக்கும்போது
சாமுக்குட்டி டீக்கடை டியூப்லைட் மட்டும் எரியும்,
சண்டைக்காரன் வீட்டுக் கல்யாணம் மாதிரி.
நான்கையும் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோனேன்.
பழம்பொரித் தட்டை நகர்த்தி இடம் கொடுத்தார்.
மூன்றாவதைத் தடவிப் பார்த்து
"இதினு விசேஷமுண்டோ?" என்றார்.
தேங்காய் லாரி டிரைவர் மீட்டர் முனையைப் பிடித்துக்கொண்டார்.
தேதித் தாளை நெஞ்சில் வைத்து
டியூஷன் முடிந்து வந்த பையன் கைதி மாதிரி நின்றான்.
அப்படியொரு வெளிச்சம்.
உப்பலுக்குத் தனியே நிழல் விழுந்தது.

லூசி திரும்பி வந்துவிட்டாள்:
படம் தெளிவாக உள்ளது, நன்றி.
ஆனால் எடுத்த இடம் வேறு மாநிலம்.
பொருள் உங்களுடையதுதான் என்று எப்படி நம்புவது?

மறுநாள் அடிமேல் அடி வைத்து அளந்தேன்.
என் கடைப் படியிலிருந்து அவர் பெஞ்சுக்கு
எழுபத்திரண்டு அடி.

உப்பினதை மணல் நிரப்பிய பெயிண்ட் வாளியில் இறக்கி
வேலிக்கு வெளியே வைத்திருக்கிறேன்.
நாலில் ஒன்று போனால் மற்ற மூன்றும் சும்மா.
சுவரோரம் நிற்கின்றன, பந்தியில் இலை கிடைக்காத
உறவுக்காரர்கள்போல.

புகார் முடிய மூன்று நாள் என்று போனில் எண் ஓடுகிறது.
சீனா நேரமா நம்ம நேரமா, அதில் போடவில்லை.

நேற்று மழை. இரண்டு பக்கமும் போய்விட்டது.
சாமுக்குட்டி கடை எங்கே என்றுகூடத் தெரியவில்லை,
இருமல் மட்டும் கேட்டது.
போன் ஒருதரம் மினுங்கியது:
அன்பு நண்பரே , நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?

நான்கு சதவீதம் சார்ஜ்.
வாக்கியமெல்லாம் வேண்டாமென்று விட்டுவிட்டேன்.
எண்ணை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.
18,400 என்று எழுதினேன்.
அனுப்பினேன்.
மறுபடியும் எழுதினேன், 18,400.