கொசுறு

இரண்டு மணிக்குக் கதவு அடைபடும்.
இப்போது பன்னிரண்டே கால்.
ஜன்னலுக்கு வெளியே துலூத் துறைமுகம் உறைந்து கிடக்கிறது.
இரும்புத்தாது ஏற்றும் கப்பல் ஒன்று
மார்ச் கடைசிவரை அசையாது.
உள்ளே ஆட்கள் அசைகிறார்கள், ஊர் ஊராக, என் திரையில்.

என் வேலை கூட்டல்.
சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு,
அதைத் தாண்டினால் வரி, அதையும் தாண்டினால் தண்டனை;
அந்த வேலிகளுக்குள் பதினைந்து உயரமான மனிதர்களை
இடித்துக்கொள்ளாமல் நிற்க வைப்பது.

"மாரித், கணக்கு உதைக்குதா?"
டாலிவர் மூன்றாவது தடவை கேட்கிறார்.
உதைக்கவில்லை.
லவான்ட் கிரியர், முப்பத்து மூன்று வயது,
இடது முட்டியில் இரண்டு தையல் தழும்பு,
ஒரு கோடியே எழுபது லட்சம் டாலர்,
ஜூன் முப்பதோடு முடிகிறது.

முடிகிறது என்பதுதான் விலை.
மேற்குக் கரைக்காரர்கள் அவனைக் கேட்பது
அவன் மூலையிலிருந்து எறியும் மூன்று புள்ளிகளுக்காக இல்லை.
வீட்டை இடித்தபின் மிஞ்சும் காலி மனைக்குத்தான்
பேரம் நடக்கிறது.
வீட்டுக்குள் இன்னும் விளக்கு எரிகிறது.

பதிலுக்கு ஒரு கிரேக்கப் பையன்,
இருபத்திரண்டு வயது, முழங்காலைத் தொடும் கைகள்,
ஃப்ரீ த்ரோ மட்டும் நாயை விரட்டக் கல்லெறிவதுபோல.
கெட்டுனென் அவனைப் பார்க்க ஒன்பது முறை பறந்திருக்கிறார்.
"முட்டிகள் சுத்தம்" என்கிறார்,
மாட்டுச் சந்தையில் பல் பார்த்தவர் குரலில்.

அப்புறம் கொசுறு:
ஏழு வருடம் கழித்து நடக்கப்போகும் டிராஃப்டில்
இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்று.

யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. நான் மட்டும்
கொஞ்சம் யோசித்தேன்.
அந்தத் தேர்வு இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கிறது.
டுல்சாவிலோ டாக்காரிலோ,
ஷூ லேஸ் அவிழ்ந்தபடி.
நேற்று வளையத்தைத் தவறவிட்ட பந்து
பக்கத்து வீட்டுக் காரில் விழுந்து
திட்டு வாங்கியிருக்கும்.
மீசை அரும்புமுன் அவனை நாங்கள்
இரண்டு முறை விற்றிருப்போம்.

ஒன்று ஐம்பதுக்கு அவர்கள் கொசுறைத் திரும்பக் கேட்டார்கள்.
ஒன்று ஐம்பத்தாறுக்கு ஃபோன் எடுக்கவில்லை.
இரண்டு மணி.
வேறு காலி மனை வாங்கிவிட்டார்கள்.
டாலிவர் ஆறிப்போன சூப்பைக் குடித்தார்.

அன்றிரவு கிரியர் முப்பத்தோரு நிமிடம் ஆடினான்.
அவனிடம் யாரும் சொல்லவில்லை,
சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.
இடைவேளையில் எங்கள் வரிசையைக் கடக்கையில்
என்னைப் பார்த்தான், ஒரு கணம்,
கடைக்காரனைப் பார்க்காமல் தராசைப் பார்க்கிறவன்போல.

ஜூலை.
இப்போது அவன் யாருக்கும் சொந்தமில்லை.
ஷ்ரீவ்போர்ட்டில் அவன் வீட்டுச் சமையலறையில்
நாங்கள் நால்வர், கோட்டும் வேர்வையுமாக,
கையில் இசையோடு ஓடும் ஒரு காணொளி.
அவன் மனைவி டெலோரா
பள்ளிக்கூடம் கேட்டாள், முட்டி வைத்தியர் கேட்டாள்,
ஜனவரியில் எத்தனை மணிக்கு இருட்டும் என்று கேட்டாள்.
மின்கட்டணச் சீட்டின் பின்புறம்
மூன்று ஊர்ப் பெயர்கள், பென்சிலில்.
தலைகீழாகப் படித்தேன்: எங்களுடையது நடுவில்.

கிரியர் ஒன்றே ஒன்று கேட்டான்:
"பிப்ரவரியில் என் தட்டுக்கு எதிரே என்ன வெச்சீங்க?"

டாலிவர் தொண்டையைச் செருமினார்.
நான் சொல்லிவிட்டேன்.
ஒரு கிரேக்கப் பையன்.
கொசுறாக, ஆறாம் வகுப்பில் ஒருவன்.

அவன் சிரித்தான், மேசை குலுங்க.
"ஆறாம் வகுப்பில என்னை அணியிலேயே சேர்க்கலை."
பிறகு, நிஜமான அக்கறையோடு:
"இடக்கைக்காரனா?"
இன்னும் பார்க்கவில்லை என்றேன்.

மறுநாள் காலை வேறோர் ஊரில் கையெழுத்திட்டான்,
நாங்கள் சொன்னதைவிட நாற்பது லட்சம் குறைவுக்கு.
விமானத்தில் மடிக்கணினியைத் திறந்து
மறுபடி கூட்டினேன்.
வரி, வரம்பு, வாடகை, குளிர்.
உதைத்தது.
எங்கே என்று தெரியவில்லை.